எண்டோஸ்கோபி நார்மல், ஸ்கேன் நார்மல், அப்புறம் எதற்கு எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட்?

கேள்வி, 10.06.2023

மாமியாருக்கு வயது 61. இரண்டு மாதமாக மேல்வயிற்றில் வலி, சாப்பிட்டால் கூடுகிறது. எண்டோஸ்கோபி செய்தோம், இரைப்பையில் லேசான புண் என்று மாத்திரை கொடுத்தார்கள். வயிறு ஸ்கேனும் எடுத்தாயிற்று, பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு தடவை குழாய் விட்டுப் பார்த்ததில் தெரியாதது மறுபடி விட்டால் தெரிந்துவிடுமா? பணம் பிடுங்கும் வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

10.06.2023, இரவு 9.15

என் தம்பிக்கு 2019-இல் எடுத்தோம். பணம் பிடுங்கும் வேலை இல்லை. ஆனால் எல்லா வயிற்று வலிக்கும் தேவைப்படுவதும் இல்லை.

இரண்டு குழாயும் வேறு வேறு. சாதாரண எண்டோஸ்கோபியின் நுனியில் கேமரா இருக்கிறது. அது உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் உள் தோலைத்தான் காட்டும். தோலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட், சுருக்கமாக இ.யு.எஸ்., குழாயின் நுனியில் கேமராவோடு ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் புரோபும் இருக்கிறது. இரைப்பைக்குள் நின்றுகொண்டு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் இருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் கணையம்.

உங்கள் வயிறு ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து, கணையம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "குடல் வாயுவால் சரியாகத் தெரியவில்லை" என்று இருந்தால், அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்க்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். தம்பியின் மூன்று ரிப்போர்ட்டிலும் அந்த வரி இருந்தது. நாங்கள் மூன்று தடவையும் அதைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விட்டோம்.

வலி முதுகுப் பக்கம் போகிறதா? எடை குறைந்திருக்கிறதா? சர்க்கரை உண்டா, எப்போதிலிருந்து? இதெல்லாம் இல்லை, வெறும் எரிச்சலும் ஏப்பமும்தான் என்றால், கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.

11.06.2023, காலை 6.40

தம்பி கதையை முழுசாகச் சொல்லச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் நாகர்கோவில் பக்கம். 2018 பிப்ரவரியில் ஒரு ராத்திரி மேல்வயிற்றில் குத்தி முதுகு வரை போகும் வலி. படுத்தால் கூடும், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான். இரத்தத்தில் லைப்பேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதி) மிக அதிகம். சாதாரண அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் போய், வலியும் இந்த மாதிரி இருந்தால் கணைய அழற்சி என்பார்கள். ஐந்து நாள் டிரிப்ஸ், பட்டினி.

அட்மிஷன் போடும்போது முதல் கேள்வி, தண்ணி அடிப்பீங்களா? இல்லை என்றான். ரவுண்ட்ஸில் இன்னொருவர் கேட்டார். மறுநாள் வேறொருவர். நான்காவது தடவை அவன் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. கணைய அழற்சிக்குப் பெரிய காரணங்கள் இரண்டு: ஒன்று பித்தக்கல், இன்னொன்று மது. ஸ்கேனில் கல் இல்லை என்று வந்துவிட்டது. மிச்சம் இருப்பதைத்தானே கேட்பார்கள்.

அதே வருஷம் நவம்பரில் மறுபடி வந்தது. அம்மா அவன் வேலைக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்து மோந்து பார்த்தார்கள். நானே அவன் கூட்டாளியைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையச் சொல்லு" என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. நாலு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெண் பார்த்திருந்த வீட்டிலும் எப்படியோ காதுக்குப் போய், பேச்சு நின்றது.

2019 ஜூலையில் மூன்றாவது தடவை. அப்போது பார்த்த டாக்டர்தான், "குடிக்கவில்லை என்று அவர் சொல்வதை நான் நம்புகிறேன். அப்படியானால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, தேட வேண்டும்" என்றார். கால்சியம், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு எல்லாம் பார்த்தார். சரியாகவே இருந்தன. வீக்கம் வடியட்டும், அதற்குமுன் பார்த்தால் கணையத்தின் சதை எப்படி இருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல முடியாது என்று ஆறு வாரம் காக்க வைத்து, திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்.

அங்கே முன்சிறுகுடலுக்குள் நின்று பார்த்தபோது பித்தப்பையின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கற்கள். பக்கத்தில் சகதி மாதிரி பித்தக் கசடு. எள்ளளவு கல்தான். உருண்டு வந்து பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேருகிற வாயில் சிக்கினால் போதும், கணையம் வெந்துவிடும். அடுத்த மாதம் லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்தார்கள். நாலு வருஷம் ஆகப்போகிறது, வலி வரவில்லை.

ரிப்போர்ட்டை வாங்கி அவன் படிக்கவில்லை. அம்மா கையில் கொடுத்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

11.06.2023, மதியம்

வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேனில் ஏன் அந்தக் கல் தெரியவில்லை என்ற கேள்விக்கு:

பலாப்பழத்தை வெளியே தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்கிறோம். உள்ளே எத்தனை சுளை, எதில் பூச்சி என்று தட்டிச் சொல்ல முடியாது. வயிற்றின் மேல் வைக்கும் புரோப் ஏறக்குறைய 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். தோல், கொழுப்பு, குடல் எல்லாம் தாண்டிப் போக வேண்டும் என்பதால் அந்தக் குறைந்த அதிர்வெண். நடுவில் வாயு இருந்தால் அல்ட்ராசவுண்ட் அங்கேயே நின்றுவிடும். இ.யு.எஸ். புரோப் பொருளுக்கு ஓரிரு சென்டிமீட்டர் பக்கத்தில் நிற்கிறது. அதனால் 5 முதல் 12 வரை, சில சின்ன புரோபில் 20 மெகாஹெர்ட்ஸ் வரை வைக்க முடிகிறது. அதிர்வெண் கூடினால் ஆழம் குறையும், நுணுக்கம் கூடும்.

"எம்.ஆர்.சி.பி. எடுத்தால் போதாதா, குழாயே வேண்டாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எம்.ஆர்.ஐ. மெஷினில் பித்தக்குழாயையும் கணையக்குழாயையும் படம் எடுப்பது அது. பெரும்பாலும் போதும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல்லைத்தான் அது தவறவிடலாம். தம்பிக்கு எம்.ஆர்.சி.பி. நார்மல்.

11.06.2023, இரவு

அன்றைக்கு என்ன நடக்கும் என்று கேட்டவருக்கு. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. பல் செட் இருந்தால் கழற்ற வேண்டும். சர்க்கரைக்காரர்கள் காலை மாத்திரை, ஊசி போடலாமா என்று முந்தின நாளே கேளுங்கள். பட்டினியோடு மாத்திரையும் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், குழாய் வழியாக ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுப்பதாக இருந்தால் சிலதை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் கவ்வுவதற்கு ஒரு பிளாஸ்டிக் வளையம் கொடுத்து, கையில் நரம்பு வழியாக மயக்கம் கொடுப்பார்கள். தம்பிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவனுக்கு ஒன்றுமே நினைவில்லை. இரண்டு நாள் தொண்டை வலித்தது, அவ்வளவுதான். அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும். எந்த ஆபத்தும் இல்லாத டெஸ்ட், பயப்படாதீர்கள்.

பணம்: தொகை மட்டும் கேட்காமல், ஊசி போட்டால் அந்த ஊசியின் விலை, மயக்க டாக்டர், சதையைப் பார்க்கும் லேப் எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். அந்த ஊசி ஒரு தடவைதான் பயன்படுத்துவது, விலை கூடுதல்.

12.06.2023, காலை

கேள்வி கேட்டவர் இப்போதுதான் பதில் எழுதியிருக்கிறார். மூன்று மாதத்தில் 6 கிலோ குறைவு. ஏப்ரலில் புதிதாகச் சர்க்கரை. வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. வலி ராத்திரி முதுகுக்குப் போகிறது.

"ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று நான் எழுதியதை மறந்துவிடுங்கள். 60 வயதுக்குமேல் திடீரென்று சர்க்கரை, கூடவே எடைக் குறைவு, மேல்வயிற்று வலி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டாக்டர்கள் கணையத்தை உடனே பார்ப்பார்கள். இன்சுலின் சுரப்பதே கணையம்தான், அதில் ஏதாவது இருந்தால் சர்க்கரை முதல் அறிகுறியாக வரலாம். நிச்சயம் கெட்டது என்று சொல்லவில்லை. பார்க்காமல் விடக் கூடாது என்கிறேன். முதலில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்திருப்பார்களே, அதில் என்ன சொன்னார்கள்?

12.06.2023, இரவு 10.30

"எந்த ஆபத்தும் இல்லை" என்று நேற்று எழுதினேன். மருத்துவர் ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. இந்தக் குழாய் சாதாரண எண்டோஸ்கோபிக் குழாயைவிடத் தடிமன். அது 9, 10 மில்லிமீட்டர் என்றால் இதன் நுனி 14 வரை போகும். நுனி விறைப்பாகவும் இருக்கும். கேமரா நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்க்கும். அதனால் உணவுக்குழாயிலோ முன்சிறுகுடலிலோ ஓட்டை விழும் வாய்ப்பு, பத்தாயிரத்தில் ஒரு சிலருக்கு என்ற அளவில் உண்டு. பார்ப்பதோடு நின்றால் இவ்வளவுதான். கணையத்தில் ஊசி போட்டால் நூற்றில் ஒருவர், இருவருக்குக் கணைய அழற்சி வரலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இ.ஆர்.சி.பி.யையும் சொல்கிறார். பித்தக்குழாயின் வாய்க்குள்ளேயே குழாய் விட்டுக் கல்லை எடுக்கிற வேலை அது. அதில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர் வரை கணைய அழற்சி வருகிறது. முன்பு கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அதைச் செய்தார்கள். இப்போது சந்தேகமாக இருந்தால் இ.யு.எஸ். செய்து, கல் உறுதியானால் மட்டும் அதற்குப் போகிறார்கள். எனக்கு இது புதிய செய்தி.

13.06.2023

புது மெஷின், நம்மை வைத்துப் பழகுகிறார்கள் என்று ஒருவர். இல்லை ஐயா. 1980-இலேயே அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாகச் செய்து காட்டிவிட்டார்கள். முதலில் வந்தவை சுற்றிலும் 360 டிகிரி காட்டுபவை. அதில் ஊசி போனால் குறுக்குவெட்டில் ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும். பிறகு குழாயின் நீளத்துக்கே படம் காட்டும் வகை வந்தது. அதில் ஊசி முழுசாகத் தெரியும். 1992-இல் டென்மார்க்கில் பீட்டர் வில்மன் குழுவினர் அப்படிக் கணையத்தில் ஊசி போட்டுத் திசு எடுத்ததை வெளியிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஆனால் பழகின கை வேண்டும் என்பது உண்மை. சி.டி. படத்தை வேறு ஊர் டாக்டரிடம் காட்டி மறுபடி படிக்கலாம். இதில் டாக்டர் குழாயைத் திருப்பத் திருப்பப் பார்ப்பதுதான் டெஸ்டே. அதனால் இதையே அடிக்கடி செய்கிறவரிடம் போவது நல்லது. நாங்கள் பஸ்ஸில் திருவனந்தபுரம் போனதற்கு அதுதான் காரணம்.

14.06.2023

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) சாப்பிட்டால் கணையம் கெடும் என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். எங்கள் ஊரில் கிழங்கும் மீன்குழம்பும் இல்லாமல் வாரம் போகாது, அதனால் சொல்கிறேன்.

அந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. குடிக்காத, இளவயது ஆட்களுக்குக் கணையத்துக்குள் கல் சேர்ந்து, பிறகு சர்க்கரையும் வரும் ஒரு நோய் நம் பக்கம் அதிகம். 1959-இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்பவர் எழுதினார். அதற்குப்பின் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். ஏழைகள், கிழங்கு சாப்பிடுகிறவர்கள் என்பதால் கிழங்கில் உள்ள சயனைடு மீது சந்தேகம் விழுந்தது. பிறகு கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் இது இருப்பது தெரிந்தது. 2000-க்குப் பிறகு ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு அதிகம் வருவதைக் கண்டார்கள். கிழங்கைத் தனிக் குற்றவாளியாக இப்போது யாரும் சொல்வதில்லை.

இங்கே இ.யு.எஸ். எங்கே வருகிறது என்றால், பெரிய கல் எக்ஸ்ரேயிலேயே தெரியும், சி.டி.யில் நன்றாகத் தெரியும். கல் சேர்வதற்கு முன், கணையத்தின் சதை தேன்கூடு மாதிரி மடல் மடலாகப் பிரிந்து, குழாயின் ஓரம் தடித்து வரும் நிலை இருக்கிறதே, அதை இதில்தான் பார்க்க முடியும். ஆனால் வயதாக ஆக, மது, புகை இருந்தால் அந்த மாதிரிக் கோடுகள் நோய் இல்லாதவர்களுக்கும் தெரியும். எத்தனை அடையாளம் சேர்ந்தால் நோய் என்று சொல்லலாம் என்பதற்கு அமெரிக்காவில் ரோஸ்மான்ட் என்ற ஊரில் 2007-இல் கூடிப் பேசி ஒரு அளவுகோல் வைத்தார்கள். ஒரே ஒரு வரியைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

15.06.2023, இரவு

தம்பியின் பழைய ஃபைலை இன்று பரணிலிருந்து எடுத்தேன். 2018 பிப்ரவரி, சேர்த்த அன்றைய இரத்த ரிப்போர்ட்: எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் அளவு) 212. மூன்றாம் நாள் 90. ஆறாம் நாள் நார்மல்.

கணைய அழற்சியின் முதல் நாளில் எஸ்.ஜி.பி.டி. 150-க்குமேல் போனால் பித்தக்கல்தான் காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம், கல் நகர்ந்ததும் அது தானாக இறங்கிவிடும் என்று இந்த இழையில் அந்த மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகுதான் தேடத் தோன்றியது. முதல் நாளே தாளில் இருந்திருக்கிறது. ஒன்றரை வருஷம், இரண்டு அட்டாக், ஒரு கல்யாணப் பேச்சு. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

கணைய அழற்சி என்று படுத்தவர்கள் வீட்டில் இருந்தால், முதல் நாள் ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் கடைசி நாள் அளவுதான் இருக்கும்.

17.06.2023

"இரைப்பையில் 1 சென்டிமீட்டர் புடைப்பு, மேல்தோல் நார்மல், பயாப்சியில் ஒன்றும் வரவில்லை" என்று எழுதியவருக்கு: என் சித்திக்கு இதேதான் இருந்தது. புடைப்பு தோலுக்கு அடியில் இருக்கும்போது, மேலே கிள்ளி எடுக்கும் பயாப்சியில் தோல்தான் வரும்.

இ.யு.எஸ். படத்தில் இரைப்பைச் சுவர் ஐந்து வரியாகத் தெரிகிறது: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. நான்காவது கறுப்பு தசை. புடைப்பு எந்த வரியிலிருந்து கிளம்புகிறது என்பதே பாதி விடை. மூன்றாவது வரிக்குள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் கொழுப்புக் கட்டி, சும்மா விட்டுவிடலாம். சித்திக்கு அதுதான். நான்காவது வரியிலிருந்து கறுப்பாக வந்தால் ஜிஸ்ட் என்ற, புற்றாக மாறக்கூடிய கட்டியாக இருக்கலாம். அதன் அளவைப் பார்த்துக் கண்காணிப்பதா எடுப்பதா என்று முடிவு செய்வார்கள். சில நேரம் வெளியிலிருந்து பித்தப்பையோ மண்ணீரலோ அழுத்துவதே புடைப்பாகத் தெரியுமாம்.

20.06.2023

கேள்வி கேட்டவரின் மாமியாருக்கு நேற்று எடுத்திருக்கிறார்கள். சி.டி.யில் கணையத்தின் தலைப்பகுதி லேசாகப் பருத்திருப்பதாக மட்டும் வந்ததாம், கட்டி என்று எழுதவில்லை. இதில் 16 மில்லிமீட்டரில் ஒன்று தெரிந்திருக்கிறது. 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பதைக் கண்டுபிடிப்பதில் சி.டி.யைவிட இது மேல் என்று சொல்வது இதனால்தான். ஊசி போட்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ரிசல்ட் வருவதற்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. ஊசியில் ஒன்றுமில்லை என்று வந்தால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புற்றுநோய் இருந்தும் ஊசியில் அகப்படாமல் போவது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு நடக்கிறது. என் தோழியின் அப்பாவுக்கு முதல் தடவை ஒன்றும் வரவில்லை, வீட்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். இரண்டாம் தடவை வந்தது. அதேபோல, கட்டி என்றாலே புற்று என்றும் முடிவு கட்டாதீர்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கி வீங்கவைக்கும் ஒரு நோய் உண்டு, பார்க்க அப்படியே புற்று மாதிரி இருக்கும், ஸ்டீராய்டில் வடிந்துவிடும். ஐ.ஜி.ஜி.4 என்ற இரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

28.06.2023

ரிசல்ட் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். நல்ல செய்தி இல்லை. பெரிய இரத்தக் குழாய்களைத் தொடவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கணையத்தில் இந்தச் சொல்லைக் கேட்கும் பாக்கியம் பலருக்குக் கிடைப்பதில்லை. தாமதிக்காதீர்கள் சகோதரி. முதல் நாள் நீங்கள் எழுதியதை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறீர்கள், வேண்டாம். பத்தாம் தேதி கேட்டீர்கள், பத்தொன்பதாம் தேதி எடுத்துவிட்டீர்கள்.

மாமியாரிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் "புண் என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறார்களாம்.

நான் டாக்டர் இல்லை. தம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த ஒன்றரை வருஷத்தில் வலியைவிட அவனை அரித்தது, நாங்கள் எல்லோரும் அவனைப் பற்றி அவன் இல்லாத இடத்தில் பேசியதுதான். அவன் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவனுக்குத் தெரியும். உங்கள் மாமியாருக்கும் இந்த இரண்டு வாரமாகத் தெரிந்திருக்கும். அவர்களே கேட்டால் பொய் சொல்லாதீர்கள். முழுசாக இல்லாவிட்டாலும், கணையத்தில் கட்டி, எடுக்கப் போகிறோம் என்று சொல்லுங்கள்.

28.06.2023, இரவு

எஸ்.ஜி.பி.டி. விஷயத்தைத் தம்பியிடம் இன்று சொல்லிவிட்டேன். தாளை வாங்கிப் பார்த்தான். "அப்போ முதல் நாளே தெரிஞ்சிருக்கலாம் இல்லக்கா" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மடித்து ஃபைலில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டான்.